பிளக் மாற்றுங்காலம்: ஓர் அளவையியல் ஆராய்ச்சி

தாலிக்குப் பொன்னுருக்க நாள் உண்டு. புதுமனை புக, காது குத்த, விதை தெளிக்க, வழக்குப் போட, பட்ட கடனை அடைக்கக்கூட நாள் உண்டு. காருக்கு ஸ்பார்க் பிளக் மாற்ற நாள் இல்லை. பஞ்சாங்கம் கணிக்கும் பெரியோர் வாகனம் வாங்கும் முகூர்த்தத்தைக் குறித்துக் கொடுத்ததோடு ஒதுங்கிக்கொண்டார்கள். நல்ல ஓரையில் வாங்கிய அதே வாகனம் ஒரு மார்கழி விடியலில் கிர்ர், கிர்ர் என்று இழுத்துவிட்டு உயிர் பிடிக்காமல் அடங்கினால் என்ன செய்வது என்பதை மெக்கானிக்கின் தலையில் கட்டிவிட்டார்கள். மெக்கானிக்குகளோ நூல் எழுதும் மரபினர் அல்லர். அவர்களுடைய சாத்திரம் வாய்மொழியாக, பாதி உபதேசமாகவும் மீதி வசவாகவும், கைப்பையன்களுக்கு இறங்கி வருவது.

அந்தச் சாத்திரத்தைத் தொகுத்து முறைப்படுத்துவதே இவ்வாராய்ச்சியின் நோக்கம். டியூனிங் என்னும் சடங்கின்போது பிளக், பாயின்ட், கண்டன்சர், ரோட்டார், கேப், வயர், காயில் ஆகிய எழுவரில் யார் போக வேண்டியவர், யாரைத் துடைத்து மறுபடி அமர்த்தலாம், யாரைத் தொடாமல் விடுவது நலம் என்று இங்கே ஆராயப்படும். கார்புரேட்டர் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது. அது தனி மதம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி

ஆய்வுக்களம் அம்பாசடர். பாசத்தால் தேர்ந்ததன்று. மாறத்தக்க பொருள்கள் அனைத்தும், பானட்டைத் தூக்கியதும், கைக்கெட்டும் தூரத்தில் தரிசனம் தரும் வண்டி அதுபோல் வேறில்லை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1950-களின் இறுதியிலிருந்து 2014 மே வரை உற்பத்தியான கார் அது. கலெக்டர் முதல் கல்யாண மாப்பிள்ளை வரை எல்லாரையும் சுமந்ததால், அதன் ஸ்டார்ட்டிங் டிரபிளுக்கு இந்நாட்டில் சாதி, வர்க்க வேறுபாடு இருந்ததில்லை. எல்லாரும் இறங்கித் தள்ளியிருக்கிறார்கள்.

அதன் 1,489 சி.சி. என்ஜினில் நெருப்பு மூட்டப்படும் முறை, 1910 மாடல் கேடிலாக் காருக்காக அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த முறையின் வழிவந்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் மூடியிருக்கையில் பேட்டரியின் 12 வோல்ட் காயிலின் முதல் சுற்றில் ஓடிக் காந்தப்புலத்தை எழுப்பும். சுழலும் கேம் பாயின்டைத் திறந்ததும் ஓட்டம் அறுபடும், புலம் சரியும், அந்தச் சரிவில் காயிலின் இரண்டாம் சுற்றில் 15,000, 20,000 வோல்ட் என்று எழும்பும். அதை ரோட்டார் ஏந்திப்போய்க் கேப்பின் நான்கு முனைகளில் உரியவரிடம் சேர்க்கும். வயர் வழியே பிளக்குக்கு வந்து, அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு, அதாவது பட்டறை வழக்கில் 25 தௌ இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும்போது பொறி பிறக்கிறது. பிறக்கும் வரிசை 1, 3, 4, 2. ஏன் 1, 2, 3, 4 என்று ஒழுங்காகப் போகக் கூடாது என வினவும் மாணவர்கள் கிராங்க் ஷாஃப்டைச் சென்று பார்க்க.

இனி ஒரு கணக்கு. அம்பாசடர் நான்காம் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குச் சற்று மேல் சுற்றும். எளிமைக்காக 2,000 என்றே கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்பதால் ஒவ்வொரு பிளக்கும் ஒரு கிலோமீட்டருக்கு 1,000 தடவை பொறிகிறது. 20,000 கிலோமீட்டரில் 2 கோடி தடவை. நான்கு பிளக்குக்கும் ஒற்றை ஆளாக உழைக்கும் பாயின்டோ, 10,000 கிலோமீட்டருக்குள்ளாகவே 4 கோடி தடவை திறந்து மூடிவிடுகிறது. இவ்வளவு உழைத்த ஒருவரை எந்த நாளில் ஓய்வுபெறச் சொல்வது என்பதுதான் கேள்வி.

ஒரு பொருள் மெய்யாகவே கெட்டுவிட்டது என்பதை எதனால் அறிவது? இவ்வினாவை நம் தருக்க நூலார் எப்போதோ எழுப்பிவிட்டார்கள். மணிமேகலையில் வரும் அளவைவாதி அறியும் வழிகள் பத்து என்கிறான். அதே காப்பியத்தில் அறவண அடிகள் இரண்டே போதும் என்று சுருக்குகிறார். சிவஞான சித்தியார் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறது. அம்பாசடரைப் பொறுத்தவரை சைவ சித்தாந்தத்தின் பக்கமே சாய வேண்டியிருக்கிறது. பத்து வழியிலும் ஆராய அதில் பேட்டரி நிற்காது.

காட்சி

நான்கு பிளக்குகளையும் கழற்றி, கழற்றிய வரிசை மாறாமல் தினத்தாள் மேல் பரப்புவது முதற்சடங்கு. வரிசை மாறினால் சாட்சி கெட்டது. பீங்கானின் நுனி பால் தூக்கலான காப்பியின் நிறத்தில் இருந்தால் எல்லாம் சுகம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. கரி ஈரப்பசையோடு பளபளத்தால் ஆயில் மேலேறுகிறது. வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் வண்டி சூடாகிறது; காற்று அதிகமோ, டைமிங் முந்தியதோ, வெப்ப அளவு பொருந்தாத பிளக்கோ காரணம். பிளக்கின் நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் தன் கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். 850-ஐத் தாண்டினால் பொறி வரும் முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். இவ்விரண்டுக்கும் இடையில் வாழ்வதே பிளக்கின் நல்லொழுக்கம்.

பட்டறையில் காட்சியளவை நிகழும் முறைக்கு ஒரு மாதிரி:

"சார், இத பாருங்க. மூணாவது. கறேல்னு கெடக்கு."

"பெட்ரோல் ஜாஸ்தியாப்பா?"

"வெரல வச்சுப் பாருங்க. காஞ்ச கரியா இருந்தா பெட்ரோல். பிசுபிசுன்னா ஆயில்."

"பிசுபிசுன்னுதான் இருக்கு."

"அப்ப பிளக்க மாத்திப் பிரயோசனமில்ல சார். ரிங்கு போயிருக்கு. இருந்தாலும் மாத்திருவோம்."

இந்த 'இருந்தாலும்' ஆழ்ந்து நோக்கத்தக்கது. பிளக் குற்றமற்றது என்று தீர்ப்பளித்த அதே நீதிமன்றம் அதற்குத் தண்டனையும் விதிக்கிறது. முரண்போலத் தோன்றினும் இதில் நியாயமுண்டு. நிறம் என்பது என்ஜினின் நோயைச் சொல்வது. பிளக்கின் வயதைச் சொல்வதன்று. வயதறிய வேண்டுமானால் நடு முனையின் விளிம்பைப் பார்க்க வேண்டும். புதிதில் அது வெட்டிய ஆணிபோல் கூர்விளிம்போடு இருக்கும். கூரான விளிம்பிலிருந்து பொறி எளிதில் தாவும். கோடிக்கணக்கில் தாவிய பின் விளிம்பு உருண்டு, இடைவெளியும் அகன்று, அதே பொறி தாவ முன்னிலும் அதிக வோல்டேஜ் கேட்கும். கேட்பது காயிலிடம். காயில் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஏற்றத்திலும், குளிர்ந்த காலையிலும் கொடுக்க முடியாமல் போகும். ஆக, கரி பிடித்த புது பிளக்கைத் துடைத்து மாட்டலாம். காப்பி நிறத்தில் அழகாகச் சிரிக்கும் உருண்டமுனைக் கிழவரை வழியனுப்ப வேண்டும். பட்டறை வாதங்களில் பாதி, இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்புவதால் எழுபவை.

காட்சியில் திரிபுக்காட்சி உண்டென்பர். கயிற்றைப் பாம்பென்று கண்டது பழைய உதாரணம். பட்டறையில் அதற்கு மூன்று புதிய உதாரணங்கள் கிடைக்கின்றன.

கரியை எடுத்துக்கொள்க. பிளக்கின் நிறத்தை வண்டி நன்றாக ஓடிவந்த உடனே பார்க்க வேண்டும். நடப்பதென்ன? வண்டி சிக்னல் சிக்னலாய் நின்று, பட்டறை வாசலில் இன்னும் ஒரு கால்மணி ஐடிலிங்கில் உறுமி, பிறகு திறக்கப்படுகிறது. அப்போது தெரியும் கரி, பட்டறைக்கு வந்ததால் உண்டான கரி.

பொறிச் சோதனை இன்னும் மோசம். பிளக்கைக் கழற்றி வயரோடு என்ஜின் தலைமேல் கிடத்தி, செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பொறியைப் பார்ப்பது எங்கும் உள்ள வழக்கம். "கரண்ட் வருது சார், நீலமா வருது" என்ற அறிவிப்போடு அது முடியும். திறந்த வெளியில் தாவும் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தி நெருக்கப்பட்ட கலவையில் தாவும் என்பதற்கு உறுதியில்லை. அழுத்தம் கூடக் கூட வேண்டிய வோல்டேஜும் கூடும். வெளியே வீரம் காட்டி உள்ளே அடங்கிப் போகும் பிளக்குகள் ஏராளம். பொறி வரவே இல்லையென்றால் இந்தச் சோதனை உண்மை சொல்கிறது. வந்தால் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது பாயின்ட் பற்றியது. டங்ஸ்டன் பதித்த அதன் இரண்டு முகங்களில் ஒன்றில் குழி விழும். எதிர்முகத்தில் அதே உலோகம் சிறு கோபுரமாக ஏறும். கையேட்டின்படி இடைவெளி 14 முதல் 16 தௌ. ஃபீலர் கேஜைச் செருகினால் அது கோபுரத்தின் உச்சியில் இடித்து "சரி" என்று சொல்லும். மெய்யான இடைவெளியோ குழியின் ஆழத்தையும் சேர்த்தது. அளவுகோலே பொய் சொல்லும் இந்நிலை எமரித்தாள் போட்டுத் தேய்த்தவரை விடாது பின்தொடரும். தேய்த்த தாளின் துகள் இரு முகங்களுக்கும் நடுவே அமர்ந்துகொண்டு மின்சாரத்தைத் தடுக்கும். ஆகவே கோபுரம் எழுந்த பாயின்டைத் தேய்ப்பது ஊர் போய்ச் சேருவதற்கு; மாற்றுவது அடுத்த மாதமும் ஓடுவதற்கு.

அளவுகோல் என்றதும் ஒரு துணைக்குறிப்பு. ஃபீலர் கேஜ் எல்லாப் பட்டறையிலும் உண்டு. ஆனால் அது எப்போதும் வேறு யாரிடமோ இருக்கும். அப்போது பிளக் இடைவெளிக்கு ஹேக்ஸா பிளேடைச் செருகிப் பார்ப்பார்கள். ஏளனம் செய்ய வேண்டாம். கைரம்பத்தின் சாதாரண பிளேடு ஏறத்தாழ 25 தௌ தடிமன்தான் இருக்கும். பாயின்டுக்கு விசிட்டிங் கார்டு. அது அச்சகத்துக்கு அச்சகம் மாறுபடுவதால், வண்டியின் டைமிங் கார்டின் சொந்தக்காரரது வசதியைப் பொறுத்தது.

கருதல்

மலைமேல் புகை கண்டால் ஆங்கே நெருப்புண்டு என்று கருதுவது தருக்கத்தின் பாலபாடம். அம்பாசடர் இப்பாடத்தைத் தலைகீழாக்கியது. சைலன்சரில் கரும்புகை கண்டால் உள்ளே நெருப்பு ஒழுங்காக இல்லை என்று கருத வேண்டும். பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருந்தால் இரவில் உண்கிறான் என்ற அருத்தாபத்திக்கும் இங்கே வேலையுண்டு. ஓட்டமில்லாத வண்டி பெட்ரோல் மட்டும் குடித்தால், அந்தப் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது.

கருதலின் உச்சம், வயர் பிடுங்கும் சோதனை. என்ஜின் ஐடிலிங்கில் ஓடுகையில், கைப்பிடி விரிசலற்ற ஸ்க்ரூ டிரைவரால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பார்கள். முதல் வயரை எடுத்ததும் என்ஜின் தடுமாறினால், அந்தச் சிலிண்டர் அதுவரை உழைத்துக்கொண்டிருந்தது. மூன்றாவதை எடுத்தும் என்ஜின் அசையாமல் இருந்தால், மூன்றாமவர் ஏற்கெனவே சம்பளம் மட்டும் வாங்கிக்கொண்டிருந்தவர். இல்லாமையால் இல்லாமையை அறிவது. அளவைவாதியின் பட்டியலில் அபாவம் என்று ஒன்று உண்டு. அதை நேரில் காண விரும்புவோர் சென்னைப் புதுப்பேட்டையின் பட்டறைச் சந்துகளுக்குச் செல்க. ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியில் விரிசல் இருந்தால் அறிவு உடம்பு வழியாகவும் வரும்.

கருதலுக்குப் பகை, காக்கை உட்காரப் பனம்பழம் விழுவது. தமிழ்நாட்டில் இது பருவத்துக்குப் பருவம் விழுகிறது. ஐப்பசி அடைமழையில் வண்டி மிஸ்ஸிங் அடிக்கும். உண்மையில் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் உட்புறம் வியர்த்து, ஈரத்தின் மேல் மின்சாரம் வேறு வழி பார்த்துப் போயிருக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். உரிமையாளர் நான்கு பிளக்கையும் மாற்றுகிறார். அதற்குள் மழை விட்டுவிடுகிறது. "புது பிளக் போட்டதும் பாருங்க, என்னமா ஓடுது" என்று அவர் சொல்லும்போது வெயில் தன் பங்கைக் கேட்காமல் நிற்கிறது. கத்திரியில் இதன் மறுபக்கம். அரைமணி ஓடியபின் வண்டி நின்று, ஆறியதும் புறப்படும். பெட்ரோல் பம்பில் ஈரத்துணி சுற்றுகிறார்கள். ஆறும் நேரத்தில் துணியும் சுற்றப்பட்டிருப்பதால் துணிக்குப் பெயர் கிடைக்கிறது. பம்பில் ஆவி அடைத்ததும் காரணமாக இருக்கலாம். சூடேறினால் உள்ளே அறுந்து, ஆறினால் ஒட்டிக்கொள்ளும் காயிலும் இதே அடையாளத்தோடுதான் நிற்கும். காயிலை முன்கூட்டி மாற்றும் வழக்கம் இல்லாததால் அது சந்தேகத்திலிருந்து கடைசிவரை தப்பிக்கிறது.

கேப்பும் ரோட்டாரும் இவ்வகையில் நேர்மையானவர்கள். கேப்பின் உட்சுவரில் மயிரிழை போலக் கரிக்கோடு ஓடியிருந்தால் அதைச் சுரண்டிப் பயனில்லை, போக வேண்டியதுதான். நடுக் கரித்துண்டு தேய்ந்து ஸ்பிரிங் மட்டும் எட்டிப் பார்த்தாலும் அப்படியே. இவர்களுக்காக வாதம் நடந்ததாக வரலாறில்லை.

மெல்லத் தேயும் ஒன்றைப் பற்றிக் கருதுவதே கடினம். கேமை உரசும் பாயின்டின் ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கும், பாயின்ட் பிந்தித் திறக்கும், டைமிங் பின்வாங்கும், பிக்கப் குறையும். ஒவ்வொரு நாளும் ஒரு கடுகளவு. தினமும் ஓட்டுபவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஊரிலிருந்து வந்து அரைநாள் ஓட்டிப் பார்க்கும் தம்பிக்குத் தெரியும். "என்னண்ணே, வண்டி இழுக்கவே மாட்டேங்குது?" என்பான். அண்ணன் கோபித்துக்கொள்வார். டியூனிங் காலத்தை அறிவிக்கும் கருவிகளில் வெளியூர்த் தம்பியைவிட நுட்பமானது கண்டுபிடிக்கப்படவில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவதா, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதா என்ற பெரும்பிளவு இவ்விடத்தில்தான் தோன்றியது. முதற்கட்சியார் சென்னை ஜி.பி. ரோட்டில் முழு செட்டும் வாங்கிவந்து காலையில் மாட்டி மாலையில் ஓட்டிப் போவார்கள். வண்டி குணமாகும், எது கெட்டிருந்தது என்பது எக்காலத்துக்கும் மறைபொருளாகிவிடும். இரண்டாம் கட்சியார் ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, திரும்பி வந்து, அடுத்ததை மாற்றுவார்கள். அறிவு வளரும், அதற்குள் ஆபீசுக்கு ஆட்டோவில் போய்ச் செலவழித்த பணத்தில் முதற்கட்சியார் இரண்டு செட் வாங்கியிருப்பார்கள். நான் கொள்கையளவில் இரண்டாம் கட்சி. மறுநாள் திருமணத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தால் முதற்கட்சி. கொள்கையுறுதி உள்ள ஒருவரை இத்துறையில் நான் சந்தித்ததில்லை.

உரை

ஆப்தவாக்கியம், அதாவது நம்பத்தக்கார் சொல். இங்கே நம்பத்தக்கார் மூவர்: கையேடு, மெக்கானிக், மச்சான்.

இந்த என்ஜின் குடும்பத்துக்கு இங்கிலாந்தில் எழுந்த கையேடுகள் 6,000 மைலில் பிளக்கைத் துடைத்து இடைவெளி பார் என்றும், 12,000 மைலில் மாற்று என்றும் விதித்தன. நம் கணக்கில் ஏறத்தாழ 10,000, 20,000 கிலோமீட்டர். விதி தெளிவானது. அதைக் கடைப்பிடிக்க ஓடோமீட்டர் ஓட வேண்டும். டாக்சியாக உழைத்த அம்பாசடர்களில் ஸ்பீடோமீட்டர் கேபிள் ஒருமுறை அறுந்தால் மறுமுறை போடப்படுவதில்லை என்பதைக் கவனித்தோர் அறிவர். கேபிள் அறுந்த வண்டிக்குக் காலம் இல்லை. அது என்றும் 67,412-இல் நிற்கிறது. அதன் பிளக்குகளுக்கு மூப்பும் இல்லை. இந்நிலையில் கிலோமீட்டர் கட்சியார் வாயடைத்துப் போக, எஃப்.சி. காட்டும் மாதமும் ஆயுத பூஜைக்கு முந்திய வாரமும் மாற்றுங்காலமாயின. பொட்டும் மாலையும் சூட்டவிருக்கும் வண்டியை மிஸ்ஸிங்கோடு நிறுத்துவது மரியாதையன்று என்பதே காரணம். இவ்வழக்கம் அறிவுக்கு ஒவ்வாததன்று. ஆண்டுக்கு ஒருமுறை என்பது பல வண்டிகளுக்குக் கையேட்டின் கணக்கோடு ஒத்தும் போயிற்று.

மெக்கானிக்கின் உரைக்கு வருவோம். அது பெரும்பாலும் ஒரே சொற்றொடர்: "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் சார்." இது ஒரு காலவரை, ஆனால் கடிகாரத்துக்கும் காலண்டருக்கும் உட்பட்டதன்று. பலமுறை கேட்டு ஒப்பிட்டதில், அதன் பொருள் "உங்களிடம் இன்று பணமில்லை என்று தெரிகிறது" என்பதாகக் கொள்ள இடமிருக்கிறது.

மச்சானின் உரை எதிர்நிலை: "நம்ம வண்டில பத்து வருஷமா பிளக்கே மாத்தல மாப்ள." இதற்கு மறுப்பு எழுத முடியாது. மச்சானின் வண்டி டீசல்.

கண்டன்சர் என்னும் இடர்ப்பாடு

இதுவரை சொன்ன மூன்று அளவைக்கும் அகப்படாதது ஒன்று உண்டு. சுண்டுவிரல் பருமனில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு ஸ்க்ரூவில் தொற்றிக்கொண்டிருக்கும் கண்டன்சர். பாயின்ட் திறக்கும் கணத்தில் அங்கே தீப்பொறி எழாதபடி மின்சாரத்தை உள்வாங்கிக்கொள்வது அதன் பணி. கொள்ளளவு 0.2 மைக்ரோஃபாரட் அளவு. அது இல்லாவிட்டால் பாயின்ட் கருகும். காந்தப்புலம் சட்டென்று சரியாது. பிளக்கில் பொறி நோஞ்சானாகும்.

அதைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நல்லதும் கெட்டதும் ஒரே முகம். மோந்து பார்த்தாலும், குலுக்கிப் பார்த்தாலும் பயனில்லை. கருதலாம் என்றால், பாயின்ட் கருகியதற்குக் கண்டன்சர் காரணமா, எண்ணெய் சிந்தியது காரணமா, இடைவெளி தப்பியது காரணமா என்று மூன்று வழி பிரிகிறது. குழி எந்த முகத்தில், கோபுரம் எந்த முகத்தில் என்று பார்த்துக் கொள்ளளவு கூடுதலா குறைவா எனச் சொல்லிவிடும் நிபுணர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் எந்தத் திசைக்கு எந்தப் பொருள் என்பதை அவர்களே டீ குடித்துவிட்டு வந்து மாற்றிச் சொல்வதையும் கேட்டிருக்கிறேன்.

உரையும் கைவிடுகிறது. கண்டன்சருக்குக் காலவரை சொல்லும் கையேட்டை நான் கண்டதில்லை. ஆதலால் உலகம் ஒரு சமரசத்துக்கு வந்தது: பாயின்ட் மாற்றும்போதெல்லாம் கண்டன்சரையும் மாற்றுக, விலை சொற்பம். அறியமுடியாத ஒன்றை, அறியும் முயற்சியை விட்டுவிட்டு, விலை மலிவு என்ற காரணத்தால் மாற்றுவது. அளவையியல் நூல்களில் இதற்கு இடமில்லை. மளிகைக் கணக்கில் இருக்கிறது. இதிலும் ஒரு முள் உண்டு. புதிதாக வாங்கிய கண்டன்சர் முதல் நாளே மண்டையைப் போடுவது அரிதன்று. முப்பதாண்டு உழைத்த பழையது தொடர்ந்து உழைத்திருக்கக் கூடும். அதைக் கழற்றிக் குப்பையில் எறிந்தாயிற்று. அனுபவசாலிகள் எறிவதில்லை.

மாற்றப்பட்டவற்றின் மறுமை

கழற்றிய பிளக் எங்கே போகிறது? சில அலுவலகங்களில் பழைய உதிரியை ஒப்படைத்தால்தான் புதியதற்கான பில் பாஸாகும். அங்கே பிளக் மேலும் சில ஆண்டுகள் ஸ்டோர் ரூமில் பதவியில் இருக்கும். தனியார் வண்டியில் பழையது உரிமையாளரிடம் பயபக்தியோடு கொடுக்கப்படும். "உங்க பழைய சாமான் சார், பாத்துக்குங்க." இது ஒரு சான்றாவணம். மாற்றியது மெய் என்பதற்கு அதுவே சாட்சி. அந்தப் பழைய நான்கும் தம் வண்டியிலிருந்து வந்தவைதானா என்று எந்த உரிமையாளரும் கேட்டதில்லை. கேட்கத் தொடங்கினால் பிளக்குக்கும் ஆதார் எண் தேவைப்படும்.

பின்னர் அவை பெட்ரோல் நாறும் துணியில் சுற்றப்பட்டு டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் வாழ்கின்றன. கோபுரம் தேய்த்த ஒரு பாயின்ட், ஒரு நல்ல கண்டன்சர், நூல் பிரிந்த ஒரு வயர், எந்த வண்டிக்கும் பொருந்தாத ஒரு ரோட்டார் ஆகியவையும் உடன். உளுந்தூர்ப்பேட்டைக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, இரவு 11 மணிக்கு, இவற்றுள் ஏதேனும் ஒன்று உயிர்த்தெழும் என்பது நம்பிக்கை. நம்பிக்கைக்கு முன்னோர் சான்றும் உண்டு. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களோடு, கணவரிடம் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். வழியில் இக்னிஷன் வயரின் உறை தேய்ந்து போக, காலுறையைப் பிடித்திருந்த பட்டையைக் கழற்றி அதற்கு உறையாக்கினார் என்று சொல்லப்படுகிறது. நெடுஞ்சாலையில் நடந்த இக்னிஷன் பராமரிப்புகளில் நாம் அறிந்தவற்றுள் இதுவே மூத்தது. அங்கே கிலோமீட்டர் பார்க்கவில்லை, நிறம் பார்க்கவில்லை, மச்சானைக் கேட்கவுமில்லை.

பின்வந்தோர்

இத்தனை ஆராய்ச்சியும் நடந்துகொண்டிருக்கும்போதே ஆய்வுப்பொருள் கரைந்து போயிற்று. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் 1973-லேயே தன் கார்களில் பாயின்டை ஒழித்து எலக்ட்ரானிக் இக்னிஷனைப் புகுத்திவிட்டது. இங்கே அதற்குப் பின்னும் ஒரு தலைமுறை விசிட்டிங் கார்டு செருகிக்கொண்டிருந்தது. 2000-ஐ ஒட்டி கார்புரேட்டரும் போயிற்று. இன்றைய கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில். வயர் இல்லை, கேப் இல்லை, ரோட்டார் இல்லை. சாதாரண நிக்கல் பிளக் 30,000, 40,000 கிலோமீட்டர் உழைக்கிறது. 2,400 டிகிரிக்கு மேல்தான் உருகும் இரிடியத்தால் நுனி செய்த பிளக் 1,00,000 வரையும் போகிறது. ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்தார் அத்தனை காலம் ஒரு காரை வைத்துக்கொள்வதில்லை. பிளக் மாற்றும் முன் காரை மாற்றிவிடுகிறார்கள். மாற்றுங்காலம் பற்றிய இவ்வாராய்ச்சிக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை.

கண்டார், கருதினார் எல்லாரும் போய் உரை மட்டுமே எஞ்சியது என்று சொல்வோர் உண்டு. வண்டியே வாய் திறந்து பேசுகிறது. ஸ்கேனரைச் செருகினால் பி0301 என்று ஒரு கோடு (code) சொல்கிறது. முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று பொருள். ஆனால் ஏன் என்று சொல்வதில்லை. காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா? பழைய பாணியில் ஓடும் வண்டியில் இணைப்பைப் பிடுங்கிப் பார்த்தால் எலக்ட்ரானிக் சரக்கு வெந்துபோகும். ஆகவே புதிய மெக்கானிக் என்ஜினை அணைத்துவிட்டு, ஒன்றாம் சிலிண்டரின் காயிலை இரண்டாவதிலும், இரண்டாவதன் காயிலை ஒன்றிலும் மாற்றிப் பொருத்தி, கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்கிறார். மிஸ்ஸிங் காயிலோடு சேர்ந்து இடம்பெயர்ந்தால் குற்றவாளி காயில். பெயராவிட்டால் பிளக்கையும் அப்படியே இடம்மாற்றிப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் கையில் இல்லாத வயர் பிடுங்கும் சோதனை இது. அளவைவாதி நிம்மதியாகத் தூங்கலாம்.

இரண்டாம் கட்சியின் ஒவ்வொன்றாய்ப் பார்க்கும் நெறி இங்கே வென்றுவிட்டது என்றே ஆய்வு முடிந்திருக்கும். அண்மையில் ஒரு பட்டறையில் கேட்ட உரையாடல் அதைத் தடுக்கிறது.

"சார், கோடு ரெண்டுக்குப் போயிருச்சு. காயில்தான். பிளக்குல ஒண்ணும் இல்ல."

"அப்ப பிளக் அப்படியே இருக்கட்டும்."

"போட்டுருவோம் சார். கழட்டுனது கழட்டியாச்சு."